எருமையை ஓட்டியவன்

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினை நான் போடுவதில்லை. துணியை அள்ளிப் போடுவேன், சோப்புத்தூளை அளந்து போடுவேன், மூடியைக்கூட மூடிவிடுவேன். பட்டனை மட்டும் மனைவி வந்துதான் அழுத்த வேண்டும். "ஒரு பட்டன அழுத்தக்கூட ஒடம்பு வளையாத மனுஷன்" என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். சோம்பேறி என்ற பட்டம் எனக்குச் சௌகரியமாக இருப்பதால் நான் மறுப்பதில்லை. உண்மையில் அது பயம். பயம் வந்தது ஆம்பூரில், தோல் பதனிடுகிற டேனரியில் என்னோடு வேலை பார்த்த ஓர் எலக்ட்ரீசியனால்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. டேனரியிலும் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உள்ளயாரு எங்கப்பா, மோட்டார் நின்னுபோச்சு", "உள்ளயாரு டீ குடிக்கப் போய்ட்டான்" என்றுதான் பேச்சு. எந்த மெஷினை ஓடவிடுவதற்கு முன்பும் அவன் "உள்ள யாரு?" என்று மூன்று தடவை குரல் கொடுப்பான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

தோலைப் பதப்படுத்தச் சுற்றுகிற மர டிரம்கள் எங்களிடம் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றும் படுக்கவைத்த பீப்பாய் மாதிரி, இரண்டு ஆள் உயரம். உள்சுவர் முழுக்க முழங்கை நீளத்துக்கு மரக்கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். டிரம் சுற்றும்போது அவைதான் தோலைத் தூக்கித் தூக்கிப் போடும். வேலை முடிந்ததும் ஆட்கள் ஒரு சின்ன வாய் வழியாக உள்ளே நுழைந்து, மிச்சம் ஒட்டிக்கிடக்கிற தோலை இழுத்துப் போட வேண்டும். அந்த வாய் ஒரு பக்கம். ஓடவிடுகிற பச்சைப் பட்டனைத் தூணின் மறுபக்கத்தில் பதித்திருந்தார்கள். பட்டனில் நிற்பவனுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. உள்ளே இருப்பவனுக்குப் பட்டன் மேல் யார் விரல் இருக்கிறது என்று தெரியாது.

நானும் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன், கெமிக்கல் எடைபோட்டுக் கொடுக்கிறவனுக்கும் தைரியம் உண்டு என்று காட்ட. இருட்டு, சுண்ணாம்பு நாற்றம், சுற்றிலும் பல் பல்லாகக் கட்டைகள். வெளியே யாரோ தூணில் சாவிக்கொத்தை லேசாக மோதினார்கள். அந்தச் சத்தம் மரத்தில் ஏறி என் காதுக்குள் கோயில் மணி அடித்தது. நான் வெளியே வந்த வேகத்தில் ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்க இன்னொருத்தர் போக வேண்டியதாயிற்று. என் தைரியத்தின் மொத்தக் கொள்ளளவு அவ்வளவுதான்.

ஆள் உள்ளே இறங்கினால் அவன் முதலில் சுவரோரத்து இரும்புப் பெட்டியைத் திறப்பான். அந்த டிரம்முக்கான மூன்று பீங்கான் ஃப்யூஸ்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பை தொங்கும். முட்டை வைத்திருப்பவன் மாதிரி நெஞ்சைப் பிடித்தபடி நடப்பான். எல்லோரும் வெளியே வந்த பிறகு தூணருகே நின்று மூன்று தடவை கேட்பான். பதில் வராவிட்டால்தான் ஃப்யூஸ் பெட்டிக்குத் திரும்பும், பிறகுதான் பட்டன்.

இந்த வழக்கம் டேனரியோடு நிற்கவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் "உள்ள யாரு?" காரின் டிக்கியை மூடினால் "உள்ள யாரு?" பின்னால் குடியாத்தத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தபோது, சர்ச்சிலிருந்து புறப்படுகிற காரில் பெண்ணை ஏற்றிவிட்டுக் கதவை மூடப்போனவன், குனிந்து வழக்கம்போலக் கேட்டுவிட்டான். "நாந்தாங்க" என்றது உள்ளிருந்து ஒரு நடுங்கிய குரல். போதகரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் மட்டும் சிரிக்கவில்லை. பதில் வந்துவிட்டதே, இனி கதவை எப்படி மூடுவது என்று யோசித்தபடி நின்றான்.

இவனுக்கு ஏன் இப்படி என்பதற்கு டேனரியில் நாலு கதைகள் இருந்தன. ராணிப்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது ஏதோ பார்த்தான் என்பது ஒன்று. மற்ற மூன்றும் அதைவிட மோசம். நான் நேராகவே கேட்டேன்.

"கேக்கறதுக்கு இன்னா காரணம் வேணும்?" என்றான். "கேக்காம அழுத்துறவனத்தான் காரணம் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து பாய் தன் பிரவுசிங் சென்டரைத் திறக்கிற நேரத்துக்கு நாங்கள் இருவரும் வாசலில் நிற்போம். நாலு கம்ப்யூட்டரை ஒயரால் இணைத்து வைத்திருந்தார். ராட்சத ரோபோக்களின் சண்டை விளையாட்டு. ஒவ்வொரு ரோபோவின் தலைக்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுவான். அந்த ஆள்தான் நாம். செல்போன்கூடக் கைக்கு வராத அந்த வருடங்களில் நூறு டன் எடையுள்ள ஒரு இரும்பு மனிதனை நடத்துவது எனக்குப் பெரிய ஆறுதல். டேனரியில் என்னை ஒரு கெமிக்கல் மூட்டைகூட மதிக்காது.

இருப்பதிலேயே கனமானவை இரண்டு. இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாததால் பாய் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருந்தார். ஒன்று மாப்பிள்ளை. தோளில் இரண்டும் கையில் இரண்டுமாக நாலு பெரிய பீரங்கிகள், குதிரை ஊர்வலத்துக்குக் கிளம்பியதுபோல ஜோடனை. நாலையும் சேர்த்து ஒருமுறை சுட்டால் எதிரே நிற்பது எதுவாக இருந்தாலும் பாதியாகிவிடும். ஆனால் சூடு ஏறும். இரண்டாம் முறை சுட்டால் மெஷின் தானாக அணைந்து, திரை கறுத்து, பத்து விநாடி பிணம் மாதிரி நிற்கும். அப்படி அணையவிடாமல் தடுக்க ஒரு கீ உண்டு. அதை அழுத்தினால் கொதிக்கக் கொதிக்க ஓடும், சமயத்தில் தானே வெடிக்கும். அந்தக் கீயின் மேலிருந்த எழுத்து என் விரலால் தேய்ந்துபோயிருந்தது.

இன்னொன்று எருமை. சாம்பல் நிறம், கழுத்தே கிடையாது. இரண்டு சின்னத் துப்பாக்கிகள். மீதி எடை முழுவதையும் தடித்த தோலுக்கும் சூடு தணிக்கிற பெட்டிகளுக்கும் செலவழித்திருந்தார்கள். சூடாகி நின்றதே இல்லை. மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அது நடந்து போவதற்குள் நாம் ஒரு டீ சொல்லிக் குடித்துவிடலாம். அவன் அதைத்தான் ஓட்டுவான்.

எது பெரியது என்று வாராவாரம் சண்டை. நான் பீரங்கியை எண்ணுவேன், பாய் வேகத்தைச் சொல்வார். அவன் எதையும் எண்ணமாட்டான். ரோபோவின் உள்படம் காட்டுகிற பக்கத்தைத் திறந்து மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் பார்ப்பான்.

"ஆளு எங்க குந்திகினு இருக்கான், பாத்தியா?"

"தலைல. எல்லாத்துலயும் தலைலதான்."

"அது தெரியும். முதுகுக்குப் பின்னால பாரு. குண்டெல்லாம் அங்கதான் அடுக்கி வெச்சிருக்கான். சூடு ஏறுனா மொதல்ல வேவுறது அவன் முதுகு. இவன் மாப்பிள்ளை இல்ல தோஸ்த், மஞ்சத்தண்ணி ஊத்துன ஆடு."

"எருமைல மட்டும் இன்னா வாழுது?"

"குண்டு காலுல கீது. கதவு சீட்டுக்கு நேரா மேல கீது. எருமைல ஜெயிக்கிறது கம்மி. வீட்டுக்குப் போறது ஜாஸ்தி."

"அது பொம்மைடா. உள்ள யாரும் கெடயாது."

அவன் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினான். "அப்ப நீ யாரு?"

பாய் சிரித்தார். எனக்கு அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

வெளியே குதிப்பதற்கும் ஒரு கீ இருந்தது. அழுத்தினால் சீட்டோடு ஆள் பறந்து பாராசூட்டில் இறங்குவான், ஆட்டம் தோல்வி. எங்களில் யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவன் எருமையின் தோல் கால்வாசி ஆனவுடன் மறக்காமல் அதை அழுத்துவான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில்கூட. "கொஞ்சம் நின்னிருந்தா நீதான்டா ஜெயிச்சிருப்ப" என்றால், "ஆளு எறங்கிட்டான் பாரு, போதும்" என்று பாராசூட்டைக் காட்டுவான்.

அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசருக்கு இவனுடைய கூப்பாட்டின் மேல் எரிச்சல் முற்றியது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. "ஒரு நாளைக்கு அர மணி நேரம் இவன் கேக்கறதுலயே போவுது. சுத்த பேஜாரு" என்று என்னிடம் புலம்பினார். அவர் மனதில் இடம் பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? "நான் நிறுத்திக் காட்றேன் சார்" என்றேன். கேட்காமல் வாயைத் திறப்பது எனக்குப் பிறவிக்குணம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனிடம் பந்தயம் பேசினேன். மாப்பிள்ளைக்கும் எருமைக்கும் ஒரே ஒரு ஆட்டம். நான் தோற்றால் ஆயுசுக்கும் எருமையைத்தான் ஓட்டுவேன். அவன் தோற்றால் ஒரு வாரம், சனியிலிருந்து வியாழன் வரை, "உள்ள யாரு" என்று கேட்கக் கூடாது.

அவன் வெகுநேரம் யோசித்தான். "ஆயுசுக்கும் எருமைதானே? சத்தியமா?" என்றான். எனக்கு அந்த மாப்பிள்ளைச் சீட்டிலிருந்து விடுதலை வாங்கித் தருவதாக அவன் நினைத்திருக்கிறான். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஆட்டத்தில் நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். சூடு ஏறியது, தடுக்கிற கீயை அழுத்தினேன், மறுபடி சுட்டேன். எருமை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நடந்து வந்தது. சின்னத் துப்பாக்கியால் நிதானமாக என் இரண்டு காலையும் எடுத்தது. மாப்பிள்ளை மல்லாந்து விழுந்தான். எருமை பக்கத்தில் வந்து துப்பாக்கியை என் தலைக்கு நேராக நீட்டி அப்படியே நின்றது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவிலிருந்த பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"குதி தோஸ்த்."

"இரு, கீ எங்கன்னு தெரியல."

"வலது பக்கம் மேல. மெல்லத் தேடு. நான் சுடல."

அவன் உண்மையாகவே சுடவில்லை. நான் தேடவும் இல்லை. திரையில் சூடு காட்டுகிற முள் இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போதுமான அளவு இறங்கியதும், அவ்வளவு கிட்டத்தில், நாலு பீரங்கியையும் எருமையின் வயிற்றில் சேர்த்துச் சுட்டேன். எருமையின் தலையிலிருந்து ஒரு பாராசூட் கிளம்பியது. நான் ஜெயித்தேன். பாய் கைதட்டாமல் டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை டேனரி வேறு இடமாகியிருந்தது. டிரம் ஓடுவதற்கு முன் எப்போதும் வருகிற குரல் வரவில்லை. இத்தனை நாள் அவனைக் கேலி செய்தவர்களே, டிரம்முக்குள் இறங்கியதும் தாங்களாகச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். "நான் உள்ள இருக்கேன்பா", "இன்னும் ரெண்டு பேர் இருக்கோம்பா." சிலர் உள்ளிருந்தபடியே கட்டையால் சுவரைத் தட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். எடை மேடையிலிருந்து கேட்க, பதினோரு பீப்பாய்களுக்குள்ளும் மனிதர்கள் அடைபட்டுக் கிடப்பதுபோல் இருந்தது. அத்தனை வருடமும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். எனக்கு அப்போதுதான் கேட்டது. சூப்பர்வைசர் மட்டும் என் முதுகில் தட்டினார்.

அவன் வேறு வழி கண்டுபிடித்திருந்தான். ஆட்கள் வெளியே வந்ததும், டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே டிரம்முக்குள் ஊர்ந்து போய் மூலை மூலையாகப் பார்த்துவிட்டு வருவான். "இது ஆட்டத்துல இல்லியே" என்றேன். "கேக்கக் கூடாதுன்னுதானே சொன்ன. பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றான். ஆக, யார் உள்ளே என்று ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு நாளைக்கு இருபது தடவை தானே உள்ளே இருந்தான். அவன் உள்ளே இருக்கும்போது கேட்பதற்கு யாரும் இல்லை.

வியாழக்கிழமை காலை. பந்தயத்தின் கடைசி நாள். நாலாம் நம்பர் டிரம்மிலிருந்து தோலை இறக்கியாகிவிட்டது, இறக்கியவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். அடுத்த சரக்கை ஏற்றுவதற்கு முன் தண்ணீர்விட்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"நாலு ஏன் இன்னும் ஓடல? எலக்ட்ரீசியன் எங்க போய்த் தொலஞ்சான்? யாராவது போட்டு விடுங்கய்யா."

தூணுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். அது என் வேலையில்லை. ஆனால் முதுகில் தட்டிய கைக்கு ஒரு மரியாதை உண்டல்லவா. பச்சைப் பட்டனை வலது கட்டைவிரலால் அழுத்தினேன்.

டக் என்று பட்டன் உள்ளே போய் வந்தது. டிரம் அசையவில்லை. மாப்பிள்ளை சூடாகி நின்றால் நான் எப்படி அழுத்துவேனோ அப்படி இன்னொரு தடவை அழுத்தினேன். டக். "சனியன்" என்று திட்டிவிட்டு, மூன்றாவது தடவை உடம்பு எடையெல்லாம் சேர்த்து அழுத்தினேன். டக்.

தூணுக்கு அந்தப் பக்கம், டிரம்மின் வாயில் டார்ச் வெளிச்சம் ஆடியது. முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. பிறகு, நெஞ்சைப் பிடித்தபடி, அவன்.

அவன் சட்டைப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பேண்ட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே தூணைச் சுற்றி வந்தான்.

"இன்னிக்கு ஃப்யூஸப் போட்டுட்டே உள்ள போயிரலாம்னு பாத்தேன்" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. "சார் அவசரப்படுத்தறாரு, ஒரு நட மிச்சம்னு. பொட்டிகிட்ட போய்ட்டேன். அப்புறம் இன்னாவோ மனசு வர்ல."

பிறகு என்னைப் பார்த்தான். "நீயா இங்க நின்ன?"

"ஆமா."

"அழுத்துனியா?"

எனக்குப் பொய் சொல்ல யோசனை தேவைப்பட்டதே இல்லை. "நானா? நீ உள்ள இருக்கறது தெரியாதா எனக்கு? சாரு கத்துனாரு. யாராவது வந்து அழுத்திடப் போறாங்கன்னு காவலுக்கு நின்னேன்."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த உள்படப் பக்கத்தை மூக்கு ஒட்டப் பார்ப்பானே, அந்தப் பார்வை. "சரி" என்றான். பெட்டியை நோக்கி நடந்தான்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. நான் சாப்பிடாமல் எழுந்தது டேனரி வரலாற்றில் முதல் தடவை என்று இரண்டு பேர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அவன் குரல் திரும்பி வந்தது. முதல் "உள்ள யாரு?" கேட்டதும் பதினோரு டிரம்முக்கும் மூச்சு வந்தது. ஆனால் ஒரு மாற்றம். யாராவது உள்ளே இறங்கினாலோ, ரிப்பேருக்கு அவனே இறங்கினாலோ, என்னைக் கூப்பிடுவான். எடை மேடையில் என்ன வேலை இருந்தாலும் நான் போக வேண்டும். மூன்று ஃப்யூஸையும் தன் பையிலிருந்து எடுத்து என் கையில் வைப்பான். "நீ நில்லு" என்பான், அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தையும் கேட்காமல் உள்ளே ஊர்ந்து போவான்.

நான் பட்டனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மூன்று பீங்கானையும் இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் பள்ளம் விழுந்திருக்கும். பெட்டியில் ஃப்யூஸ் இல்லை, பட்டன் செத்துப்போனது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் கட்டைவிரல் எனக்குத் தெரியாமல் போய் அழுத்திவிடுமோ என்று பயமாக இருக்கும். வேலையை விட்டு வேலூருக்கு வரும்வரை, இரண்டு வருடம் இப்படி. பொய்யை நம்பிக் கொடுத்த பதவி என்று நினைத்து நினைத்து ஒவ்வொரு நாளும் செத்தேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். ஜோக்குத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எருமையைத்தான் ஓட்டினேன். நான்தான் ஜெயித்தவன், கட்டாயம் ஏதுமில்லை. பாய் காரணம் கேட்டார். "மாப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

பல வருடம் கழித்துக் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்தேன். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி, அன்றைக்குக் காருக்குள்ளிருந்து "நாந்தாங்க" என்றவர். அவன் என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, டீ வாங்கப் போனான்.

"உங்களப் பத்தி நெறைய சொல்வாருண்ணா" என்றார் அவர். "இவருக்கு யார் மேலயும் நம்பிக்க வராது. கேஸ மூடுனியான்னு என்னையே மூணு தடவ கேப்பாரு. நீங்க நின்னா மட்டும் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போவாராமே?"

"அது சும்மா, பழக்கம்தான்" என்றேன்.

"நானும் கேட்டேண்ணா. அத்தன பேர்ல அவர மட்டும் ஏன் நம்புனீங்கன்னு. அதுக்கு, 'மூணு தடவ அழுத்துனவன் நாலாந்தடவ அழுத்த மாட்டான். அழுத்தாதவனத்தான் நம்ப முடியாது' அப்படின்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இன்னாண்ணா அது, மூணு தடவ?"

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் வருகிற ஜோக்கு அன்றைக்கு வரவில்லை. தூணில் மோதிய சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. இருட்டில், கட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டபடி, என் பட்டனின் மூன்று டக்கையும் மணிச் சத்தமாக அவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்து, சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, "அழுத்துனியா?" என்றான்.

மூன்று டீயையும் விரலிடுக்கில் கோர்த்துப் பிடித்தபடி அவன் வந்து நின்றான். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். ஒன்றை என் பக்கம் நீட்டினான். அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கியதில் டீ சிந்தி, கட்டைவிரலில் வழிந்தது.

"பாத்து, சூடு" என்றான். "மெல்லக் குடி. வண்டிக்கு இன்னும் டைம் கீது."